ஏசிக்கும் அடுப்புக்கும் மோட்டருக்கும் தனி லைன்: சுவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது

கருகிய பிளக் பேஸ் ஒன்றைச் சுவரிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அது முழுவதும் கருகியிருக்காது. மூன்று துவாரங்களில் ஒன்றைச் சுற்றி மட்டும் சாயத் தேநீர் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். பின்பக்கம் திருப்பினால் அதே முனையின் பித்தளை நிறம் மாறிக் கறுத்திருக்கும். ஸ்குரூவுக்குள் போகும் வயரின் தோல் கால் அங்குல நீளத்துக்கு விறைத்துப்போய், விரல் பட்டால் பொரிந்து உதிரும். பக்கத்து முனையோ கடையில் வாங்கியபடியே மினுங்கும்.

வரும் வயரான லைவில் போன கரண்ட் முழுவதும், திரும்பும் வயரான நியூட்ரல் வழியாகத்தான் திரும்பி வருகிறது. இரண்டு முனையிலும் ஒரே அம்பியர்தான் ஓடியது. அப்படியிருக்க ஒன்று எரிந்து மற்றது எரியாமல் இருந்தால், குற்றம் சாமான் இழுத்த கரண்டில் இல்லை, சரியாக இறுகாத அந்த ஒரு ஸ்குரூவில் இருக்கிறது. தளர்ந்த முனை ஒன்றின் தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அரை அம்பியர் இழுக்கும் தொலைக்காட்சி ஓடினால் அங்கே பிறக்கும் சூடு 0.025 வாட். எவருக்கும் தெரியவராது. அதே பிளக்கில் 9 அம்பியர் இழுக்கும் இன்டக்‌ஷன் அடுப்பைப் போட்டால் 8 வாட், 13 அம்பியர் இழுத்தால் 17 வாட். ஈயம் பற்றவைக்கும் சிறிய கோலின் சூடே 25 வாட் அளவில்தான் இருக்கும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். பத்து வருடம் பிழையில்லாமல் வேலை செய்த பிளக், புதுச் சாமான் வந்த மூன்றாம் மாதம் கருகுவது இதனால்தான்.

வன்னியில் இந்தப் பிரச்சினை இப்போது கூடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. போர்க்காலம் முழுவதும் வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி மண்ணெண்ணெய் விளக்கில் கிடந்தது. 2009க்குப் பிறகு மீள்குடியேற்றத்தோடுதான் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களுக்குக் கம்பம் வந்தது. வீட்டுத்திட்டப் பணத்தில் கட்டிய வீடுகளில், காசு முடியும் கட்டத்தில் வயரிங் நடந்தது. அறைக்கு ஒரு பல்ப், விறாந்தையில் ஒரு மின்விசிறி, தொலைக்காட்சிக்கு ஒரு பிளக், குசினியில் ஒன்று. அன்றைய தேவைக்கு அது போதும். பிறகு குளிர்சாதனப் பெட்டி வந்தது, கிணற்றுக்கு மோட்டர் வந்தது, 2022 எரிவாயுத் தட்டுப்பாட்டில் இன்டக்‌ஷன் அடுப்பு வந்தது, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் ஏசி பூட்டிவிட்டுப் போனார்கள். சுவருக்குள் ஓடும் வயர் மட்டும் அன்று போட்டதுதான். அதனால்தான் பாரமான ஒவ்வொரு சாமானுக்கும் பிரேக்கர்கள் இருக்கும் போர்ட்டிலிருந்து தனி வயரும் தனிப் பிரேக்கரும், அதாவது தனி லைன், வேண்டியிருக்கிறது.

வோல்ட் அல்ல, அம்பியர்

“பெரிய சாமானுக்கு ஹை வோல்ட் பிளக் வேண்டும்” என்று கடையில் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் அது சரியான பேச்சு. அங்கே சாதாரண பிளக்கில் வருவது 120 வோல்ட் என்பதால், அடுப்புக்கும் உடுப்பு உலர்த்தும் இயந்திரத்துக்கும் 240 வோல்ட் பிளக்கைத் தனியாகப் போடுவார்கள். நமக்கு எந்தப் பிளக்கிலும் 230 வோல்ட் ஏற்கனவே இருக்கிறது. மூன்று கட்ட (த்ரீ பேஸ்) இணைப்பு எடுத்தால் மட்டும் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையில் 400 வோல்ட் வரும். ஆகவே இங்கே கேட்க வேண்டியது எத்தனை அம்பியர் என்பதுதான்.

கணக்கு இலகு. சாமானின் தகட்டில் உள்ள வாட்டை 230ஆல் வகுக்க வேண்டும். 12,000 பி.ரி.யு. ஏசி ஏறக்குறைய 1,200 வாட், 5 அம்பியரைச் சற்றுத் தாண்டும். 2,000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு 8.7 அம்பியர். தண்ணீரைத் தானே சூடாக்கும் வகை சலவை இயந்திரமும் கிட்டத்தட்ட அதே அளவு. ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 6, 7 அம்பியர், கிளம்பும் கணத்தில் அதைப்போல் ஐந்து மடங்கு. குளியலறையில் பூட்டும் உடனடிச் சுடுநீர்க் கருவிதான் எல்லாவற்றிலும் பெரியது: 3,500 வாட் என்றால் 15 அம்பியர், 5,500 வாட் என்றால் 24 அம்பியர்.

இந்தக் கடைசி எண்ணை வீட்டின் இணைப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கட்ட 30 அம்பியர் இணைப்பு தாங்கக்கூடியது 6,900 வாட். விடியற்காலையில் அடுப்பு, கேத்தில், மோட்டர், ஸ்திரிக்கைப்பெட்டி, இரவிலிருந்து ஓடும் ஏசி எல்லாம் ஒன்றாக ஓடினாலே எல்லையைத் தொட்டுவிடும். அதில் 24 அம்பியர் ஒற்றைச் சாமானுக்கு எங்கே இடம்? வன்னி வெக்கையில் தொட்டித் தண்ணீர் தானாகவே இளஞ்சூடாக இருக்கும். வயோதிபர், கைக்குழந்தை உள்ள வீட்டுக்குச் சுடுதண்ணீர் வேண்டுமானால் 1,500 முதல் 2,000 வாட் வரையான தாங்கி வகையே போதும். 5,500 வாட் கருவிக்குத் தடித்த வயர் போடச் செலவழிக்கும் பணத்தில் அதை வாங்கிவிடலாம்.

கூரைச் சூடு வயரைச் சிறிதாக்கும்

கடையில் வயர் வாங்கும்போது இரண்டு விதமாகப் பேர் சொல்வார்கள். 1/1.13 என்பது 1 சதுர மில்லிமீற்றர், ஒற்றைக் கம்பி, லைட்டுக்கு. 7/0.67 என்பது 2.5, பிளக்குக்கு. 7/0.85 என்பது 4, 7/1.04 என்பது 6. முன்னால் உள்ளது கம்பிகளின் எண்ணிக்கை, பின்னால் உள்ளது ஒவ்வொரு கம்பியின் விட்டம் மில்லிமீற்றரில்.

சுவருக்குள் பைப்பில் போகும் 2.5 வயர் 24 அம்பியர் தாங்கும் என்று அட்டவணை சொல்லும். 4 வயர் 32, 6 வயர் 41. எலக்ரீசியன்மார் மனப்பாடமாகச் சொல்லும் எண்கள் இவை. ஆனால் அந்த அட்டவணை சுற்றுச்சூழல் 30 பாகை செல்சியஸ் என்று வைத்துப் போட்டது. சித்திரை, வைகாசி வெயிலில், தகரத்துக்கோ அஸ்பெஸ்டோஸ் சீற்றுக்கோ கீழே, சீலிங்குக்கு மேலே இருக்கும் வெளியின் சூடு 45, 50 பாகையைத் தொடும். சாதாரண பி.வி.சி. வயருக்கு 45 பாகையில் அட்டவணை எண்ணை 0.79ஆலும் 50 பாகையில் 0.71ஆலும் பெருக்க வேண்டும். 24 அம்பியர் என்று நம்பிய வயர் 50 பாகையில் 17 அம்பியர் வயராகிவிடும். அதே பைப்பில் இன்னொரு சாமானின் லைனையும் சேர்த்து இழுத்தால் மேலும் 0.8ஆல் பெருக்க வேண்டும், 13.6தான் மிஞ்சும். 4 வயர் 50 பாகையில் 22.7, 6 வயர் 29.

இதனால்தான் இந்தப் பகுதியில் 2.5 வயருக்கு 20 அம்பியர் பிரேக்கர் போடுவதை நாம் ஏற்பதில்லை. 16 போட வேண்டும். ஏசி, அடுப்பு, சலவை இயந்திரம் எதற்கும் 16 தாராளமாகப் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 4 வயரும் 20 அம்பியர் பிரேக்கரும். 24 அம்பியர் சுடுநீர்க் கருவிக்கு 6 வயர் போட்டாலும் சீலிங்குக்கு மேலால் கொண்டுபோகக் கூடாது. சுவருக்குள்ளால் கொண்டுபோக வேண்டும். முடிந்தவரை எல்லா லைனையும் சுவருக்குள் கொண்டுபோவதே நல்லது. சீலிங்குக்கு மேலே சூடு மட்டுமல்ல, எலியும் அணிலும் இருக்கின்றன.

வயரின் செம்பு உண்மையான செம்புதானா என்பது அடுத்த கேள்வி. இலங்கைத் தர முத்திரையான எஸ்.எல்.எஸ். உள்ள சுருளாக வாங்குவது முதல் காவல். சந்தேகம் இருந்தால் ஒரு கம்பியின் வெட்டுமுகத்தைப் பேனாக்கத்தியால் சுரண்டிப் பார்க்கலாம். செம்பு எவ்வளவு சுரண்டினாலும் செம்பு நிறம்தான். அலுமினியத்துக்குச் செம்பு பூசியது என்றால் உள்ளே வெள்ளை தெரியும். கையில் தூக்கினாலும் பாரமிருக்காது. அதைப் பாரமான சாமானின் லைனுக்குள் போடவே கூடாது. அலுமினியம் ஸ்குரூவுக்குக் கீழே நசிந்து தளரும். முதலில் பார்த்த தேநீர் வளையம் ஒரே வருடத்தில் வந்துவிடும்.

பிரேக்கர் காப்பது வயரை

சாமானைப் போட்டதும் பிரேக்கர் விழுகிறது என்றால் பலர் செய்வது 16ஐக் கழற்றி 32 போடுவது. இந்த ஒரு செயல்தான் வீடுகளைக் கொளுத்துகிறது. பிரேக்கர் இருப்பது ஏசியைக் காக்க அல்ல. சுவருக்குள் இருக்கும் வயர் அளவுக்கு மேல் சூடாகாமல் காப்பதற்காக. 2.5 வயரின் தலையில் 32 அம்பியர் பிரேக்கர் இருந்தால், 30 அம்பியர் ஓடி வயரின் தோல் உருகினாலும் பிரேக்கர் அசையாது. அதன் கணக்கில் எல்லாம் சரி. 16 அம்பியர் பிரேக்கர்கூட 18 அம்பியர் வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விழாமல் நிற்கலாம். தரநிலை அதற்கு அனுமதிக்கிறது. வயரைப் பிரேக்கரைவிடச் சற்றுப் பெரிதாக எடுப்பது இதற்காகவும்தான்.

பிரேக்கர் விழும் விதமே காரணத்தைச் சொல்லும். சாமானைப் போட்ட அதே கணத்தில் டக்கென்று விழுந்தால் ஒன்றில் ஷோர்ட், இல்லையென்றால் கிளம்பும்போது இழுக்கும் பெரிய கரண்ட். இரண்டாவதற்கு மருந்து பெரிய பிரேக்கர் அல்ல, ‘சி’ வகைப் பிரேக்கர். ‘பி’ வகை மூன்று முதல் ஐந்து மடங்கு கரண்டுக்கு உடனே விழும். ‘சி’ ஐந்து முதல் பத்து மடங்குக்குத்தான் உடனே விழும். மோட்டருக்கும் ஏசிக்கும் ‘சி’தான். இருபது நிமிடம், அரை மணித்தியாலம் ஓடிய பிறகு விழுந்தால் சுமை கூடிவிட்டது, அல்லது பிரேக்கரின் சொந்த முனையே தளர்ந்து சூடாகிறது.

பிளக்கா, டி.பி. சுவிட்சா

13 அம்பியர் தட்டை முனைப் பிளக்தான் இலங்கையின் தரம். பழைய வீடுகளில் வட்டமுனை 15 அம்பியர் பேஸ் இன்னும் இருக்கிறது. அதில் அடப்டர் மாட்டித் தட்டை முனையைச் செருகுவது இன்னொரு தொடுகையைக் கூட்டுவதாகும். தொடுகை கூடக் கூடச் சூடு பிறக்கும் இடமும் கூடும். பேஸை மாற்றிவிடுவதே சரி. பிளக்குக்குள் ஒரு பியூஸ் இருக்கிறது என்பதும் பலருக்கு மறந்துவிட்டது. அது போனால் அதே அளவுப் பியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் சுற்றிய பியூஸ்கள் இன்னும் அகப்படுகின்றன.

10 அம்பியருக்கு மேல் மணிக்கணக்கில் இழுக்கும் எதையும் 13 அம்பியர் பிளக்கில் போடாமல் இருப்பது நல்ல வழக்கம். பேஸ் தாங்கும் என்று எழுதியிருக்கும். ஆனால் தொடர்ந்த சூட்டில் உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளின் பிடி தளர்ந்துகொண்டே போகும். சுடுநீர்க் கருவிக்குப் பிளக்கே கூடாது. குளியலறைக்கு வெளியே 20 அல்லது 32 அம்பியர் டி.பி. சுவிட்ச் போட்டு அதிலிருந்து நேராகக் கருவிக்குக் கொண்டுபோக வேண்டும். டி.பி. என்றால் லைவையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது. ஏசிக்கும் 20 அம்பியர் டி.பி. சுவிட்ச்தான் நல்லது, போட்டிருப்பதைக் காட்டும் சிறு விளக்கு உள்ளதாக இருந்தால் இன்னும் வசதி. இன்டக்‌ஷன் அடுப்பு பிளக்கோடு வருகிறது, அதை வெட்டத் தேவையில்லை. அதற்கென்று ஒரு பேஸ், அதில் வேறெதுவும் இல்லை என்பதே வேண்டியது. மல்டி பிளக்கில் அடுப்பும் கேத்திலும் சேர்ந்தால் 4,000 வாட், 17 அம்பியர்.

எர்த்: நம்பிக்கையும் கணக்கும்

எர்த் கம்பி அடித்தாயிற்று, ஏதாவது நடந்தால் பிரேக்கர் விழுந்துவிடும் என்று நினைப்பவர்கள் பலர். நம் வீடுகளின் அமைப்பில் அது நடக்காது. இதை விளங்கிக்கொள்வது உயிர்க்காரியம்.

இங்கே மின்சார சபை தருவது லைவும் நியூட்ரலும் மட்டும். எர்த்தை வீட்டுக்காரர் தன் வளவில் தானே அடிக்கிறார். ஈரமான நல்ல மண்ணில் 16 மில்லிமீற்றர் தடிப்பும் 1.2 மீற்றர் நீளமும் உள்ள செம்புப் பூச்சுக் கம்பி ஒன்றின் தடை ஏறக்குறைய 70 ஓம் வரும். இப்போது ஏசியின் உடலில் லைவ் தட்டிவிட்டது என்று வைப்போம். 230ஐ 70ஆல் வகுத்தால் 3.3 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கருக்கு 3.3 அம்பியர் சாதாரணச் சுமை, நாள் முழுக்க விழாது. அவ்வளவு நேரமும் ஏசியின் தகரத்தில் கிட்டத்தட்ட முழு வோல்ட்டும் நிற்கும். ஆவணி வறட்சியில் ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கத்துச் செம்மண் காய்ந்து கல்லாகும்போது அந்த 70 ஓம் பல மடங்காகும், கரண்ட் இன்னும் குறையும்.

ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். லைவில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 0.03 அம்பியர் குறைந்தால் விழும். எர்த் சுமாராக இருந்தாலும் அதற்குப் போதும், ஆனால் எர்த் இருக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் கசியும் கரண்டுக்கு முதல் பாதை ஆளின் உடம்பாகிவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் காவல். அடிக்கடி விழுகிறது என்று ட்ரிப் சுவிட்சைச் சுற்றி வயர் போட்டு ‘பைபாஸ்’ செய்து தருபவர் செய்வது வேலை அல்ல, கொலைக்கு வழி. விழுவதற்குக் காரணம் எங்கேயோ இருக்கிறது: தண்ணீர் இறங்கிய வெளிப்புறப் பெட்டி, சுடுநீர்க் கருவிக்குள் வெடித்த கொயில், பேஸுக்குள் போய்ச் செத்த பல்லி, எறும்புப் புற்று. ஒவ்வொரு பிரேக்கராக இறக்கி ஏற்றிப் பார்த்தால் எந்த லைன் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எர்த்தின் தடையைக் குறைக்க உப்பும் கரியும் போடுவது பழைய வழக்கம். உப்பு மாரி மழையில் கரைந்துபோகும், போகுமட்டும் கம்பியையும் அரிக்கும். ஆழமே நிலையான மருந்து. 1.2 மீற்றர்க் கம்பிகள் இரண்டை இணைத்து 2.4 மீற்றருக்கு இறக்கினால் 70 ஓம் என்பது 40 அளவுக்கு வரும். அதோடு கோடையிலும் ஈரம் நிற்கும் மண்ணைத் தொடும். குளியலறைத் தண்ணீர் ஓடும் பக்கம் பார்த்து அடிப்பதும் நல்லது. கிளாம்பை மண்ணுக்குள் மூடாமல், மூடி போட்ட சிறு குழிக்குள் விட்டால் துருப்பிடித்ததா என்று பார்க்கலாம். எர்த் கிடைக்கவில்லை என்று பிளக்குக்குள் எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டுவது மட்டும் ஒருக்காலும் வேண்டாம். காற்றுக்குக் கம்பத்தில் நியூட்ரல் அறுந்த நாளில் வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானின் உடலும் லைவாகும்.

வேலை நடக்கும் ஒழுங்கு

சுவர் வெட்டுவது, பைப் பதிப்பது, பெட்டி வைப்பது எல்லாம் வீட்டுக்காரரும் மேசனும் செய்யக்கூடிய வேலை. போர்ட்டுக்குள் இணைப்பதும் சோதிப்பதும் தகைமை உள்ள எலக்ரீசியனின் வேலை. என்.வி.கியூ. தொழில் தகைமைச் சான்றிதழும், வயரின் தோல் கசிகிறதா என்று அளக்கும் மெகர் கருவியும் உள்ளவரா என்று கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். மீற்றரையும் அதற்குப் பக்கத்தில் சபை சீல் வைத்த பிரேக்கரையும் எவரும் தொடக்கூடாது. 30 அம்பியர் போதாது, மூன்று கட்டம் வேண்டும் என்றால் அது சபையிடம் விண்ணப்பித்து எடுக்க வேண்டியது.

போர்ட்டிலிருந்து 12 மீற்றர் தூரத்தில் ஒரு ஏசி பொயின்றுக்கு வேண்டியவை: 7/0.67 வயர் மண்ணிறம், நீலம், பச்சை-மஞ்சள் மூன்றிலும் 13 மீற்றர், 20 மில்லிமீற்றர் பைப் 12 மீற்றர், 16 அம்பியர் ‘சி’ பிரேக்கர் ஒன்று, 20 அம்பியர் டி.பி. சுவிட்ச் ஒன்று, சுவருக்குள் பதிக்கும் ஆழமான பெட்டி (சன்க் பொக்ஸ்) ஒன்று. 6 வயர் என்றால் பைப் 25 மில்லிமீற்றராகவும் பெட்டி 47 மில்லிமீற்றர் ஆழமாகவும் இருக்க வேண்டும். ஆழம் குறைந்த பெட்டிக்குள் தடித்த வயரை மடித்துத் திணித்தால் முகப்பை இறுக்கும்போது வயரே ஸ்குரூவை நெம்பித் தளர்த்தும். நான்கு அங்குலச் சீமெந்துக் கல் சுவரில் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் பெட்டி வெட்டக் கூடாது, நடுவில் ஒன்றும் மிஞ்சாது. பைப் மேலிருந்து கீழாகவோ கிடையாகவோ மட்டும் போக வேண்டும். குறுக்காகப் போனால் பின்னாளில் சுவாமிப் படத்துக்கு ஆணி அடிப்பவருக்கு அது தெரியாது. பைப்பின் வாய்களைப் பூசி அடைக்காவிட்டால் கறையான் மண்ணோடு உள்ளே ஏறும்.

வயர் மூன்றையும் ஒன்றாக இழுக்க வேண்டும். போர்ட்டிலிருந்து பொயின்ற் வரை நடுவில் ஒரு மூட்டுக்கூட இருக்கக் கூடாது. பெட்டிக்குள் 15 சென்ரிமீற்றர் மிச்சம் விடுங்கள். வயரின் தோலை முனையின் ஆழத்துக்கு மட்டும் உரிக்க வேண்டும். இங்கே ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஏழு கம்பியும் துளைக்குள் போகவில்லை என்றால் இரண்டை நறுக்கிவிடுவார்கள். ஏழில் ஐந்து என்றால் 2.5 வயர் அந்த இடத்தில் 1.8 வயராகிவிட்டது, எரிவதற்கு ஓர் இடம் தயார். முறுக்கி, நிமிர்த்தி, ஏழையும் உள்ளே விட்டு இறுக்கிய பிறகு வயரைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். ஸ்குரூ தோலைக் கடித்திருக்கக் கூடாது. கம்பிக்கு ஈயம் பூசுவதும் கூடாது, ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசியும்.

போர்ட்டைத் திறக்குமுன் மெயின் சுவிட்சை இறக்கினால் மட்டும் போதாது. இந்தப் பக்கங்களில் ஜெனரேட்டரும் பற்றரிச் சோலாரும் உள்ள வீடுகள் நிறைய. அவையும் நிறுத்தப்பட்டனவா என்று பார்த்து, டெஸ்டரை நம்பாமல் மல்ரிமீற்றரால் லைவ்-நியூட்ரல், லைவ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் அளக்க வேண்டும். மெயின் சுவிட்சின் மேல் முனைகளில் அப்போதும் கரண்ட் நிற்கும். புதுப் பிரேக்கர் ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் வர வேண்டும். அதன் நியூட்ரலும் ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால் உள்ள நியூட்ரல் பட்டையில்தான் சேர வேண்டும். நியூட்ரலை முன்னால் எடுத்துவிட்டால் ஏசியைப் போட்ட கணமே ட்ரிப் விழும். பைபாஸ் கதைகளில் பாதி இந்தப் பிழையில்தான் தொடங்குகின்றன.

கிணற்றடி மோட்டர்

வீட்டுக்குள் 12 மீற்றர், கிணற்றடிக்கு 40 மீற்றர். இங்கே வயரைத் தீர்மானிப்பது சூடு அல்ல, தூரம். 2.5 வயர் ஒரு மீற்றருக்கு ஓர் அம்பியருக்கு 18 மில்லிவோல்ட் விழுத்தும். 40 மீற்றரில் 7 அம்பியர் ஓடினால் 5 வோல்ட், பிரச்சினையில்லை. ஆனால் கிளம்பும் கணத்தில் 35 அம்பியர் இழுக்கும்போது 25 வோல்ட் போய்விடும். மாலையில் டிரான்ஸ்போமருக்குத் தூரமான வீட்டில் ஏற்கனவே 205 வோல்ட்தான் இருக்கிறது என்றால் மோட்டருக்குக் கிடைப்பது 180. அது சுழலாது, உறுமிக்கொண்டே நிற்கும். நின்ற மோட்டர் 35 அம்பியரையும் இழுத்துக்கொண்டே இருந்து கொயிலைக் கருக்கும். குற்றம் மோட்டரைக் கிளப்பும் கப்பாசிற்றரில் என்று நினைத்து அதை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். 6 வயர் போட்டால் அதே கணத்தில் விழுவது 10 வோல்ட் மட்டும். மோட்டர் ஒருமுறை சுற்றிக் கட்டும் செலவோடு ஒப்பிட்டால் தடித்த வயர் மலிவு.

அந்த லைனை மரத்துக்கு மரம் கட்டி இழுக்காமல், அரை மீற்றருக்குக் குறையாத ஆழத்தில் பைப்புக்குள் புதைக்க வேண்டும். பன்றி கிளறும் வளவு என்றால் மேலே ஒரு வரி கல் அடுக்க வேண்டும். சுவிட்ச் மழை புகாத பெட்டியில் இருக்க வேண்டும். வயர் பெட்டிக்குள் கீழ்ப்பக்கத்தால் நுழைய வேண்டும், மேல்பக்கத் துளை வழியே மாரித் தண்ணீர் வயரோடு வழிந்து உள்ளே இறங்கும்.

முடித்த பிறகு

கரண்ட் கொடுக்குமுன் சாமான்களைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரால் லைவுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் அளக்க வேண்டும். 1 மெகாஓமுக்குக் குறைந்தால் எங்கேயோ தோல் உரிந்திருக்கிறது. கரண்ட் கொடுத்த பின் பேஸை நேரே பார்த்தால் எர்த் மேலே, லைவ் வலப்பக்கம், நியூட்ரல் இடப்பக்கம் இருக்க வேண்டும். ட்ரிப் சுவிட்சின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் அது விழ வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அதை அழுத்துங்கள். வருடக்கணக்கில் அசையாத ட்ரிப் சுவிட்ச் தேவைப்படும் நாளில் இறுகிப்போய் நிற்கும்.

பலர் செய்யாத, ஆனால் மிகப் பயனுள்ள சோதனை ஒன்று இருக்கிறது. 12 மீற்றர் தூரத்து 2.5 லைனில் 9 அம்பியர் இழுக்கும் அடுப்பு ஓடும்போது விழ வேண்டியது 2 வோல்ட் அளவில். அடுப்பு முழு வேகத்தில் ஓடுகையில் போர்ட்டிலும், அடுப்பின் லைனிலேயே உள்ள பேஸிலும் எலக்ரீசியனை அளக்கச் சொல்லுங்கள். போர்ட்டில் 226, பேஸில் 224 என்றால் சரி. பேஸில் 219 என்றால் அந்த மேலதிக 5 வோல்ட் ஒரு தளர்ந்த முனையில் 45 வாட் சூடாக எரிந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்கு எதுவும் தெரியாத, மணம் எதுவும் வராத முதல் நாளிலேயே இந்த அளவு பிழையைக் காட்டிவிடும். அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பிளக்கை இழுத்து முனைகளைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, விரல் வைக்க முடியாவிட்டால் பேஸைக் கழற்ற வேண்டும். பொரித்த மீன் கெட்டது போன்ற ஒரு நாற்றம் சுவர்ப் பக்கம் வந்தால், குசினியில் மீன் இல்லாத நாளாக இருந்தால், அது பேஸின் பிளாஸ்ரிக் சூடாகும் மணம்.

ஒரு மாதம் கழிந்ததும் மெயினை இறக்கி அந்த லைனின் எல்லா ஸ்குரூக்களையும் இன்னொரு முறை இறுக்க வேண்டும், ஏழு கம்பிச் செம்பு அழுத்தத்தில் படிந்து கொஞ்சம் இடம் விடும். கால் சுற்றுக்கு மேல் இறங்கிய ஸ்குரூ எது என்று பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அடுத்த மாதம் அதை மட்டும் திறந்து பாருங்கள்.